சிலிக்கனின் ரகசியமும் ஒளியின் மூன்று வேஷங்களும்

சிப்பை உளவு பார்க்கும் ஒளி, சிப்பைக் காவல் காக்கும் ஒளி, இனிமேல் சிப்பாகவே மாறப்போகும் ஒளி: யந்திரப் பாதுகாப்பு ஆராய்ச்சியின் இன்றைய நிலை

2002-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் செர்கேய் ஸ்கோரோபொகாடோவ், ராஸ் ஆண்டர்சன் என்ற இருவர் வெளியிட்ட ஒரு பரிசோதனைக்கு வேண்டியிருந்த பிரதான ஆயுதம், புகைப்படச் சாமான்கள் விற்கும் கடையில் 30 டாலருக்கு அகப்பட்ட பழைய ஃப்ளாஷ் விளக்கு ஒன்றுதான். எண்ணற்ற சிறு கருவிகளில் இடம்பெற்றிருந்த பிஐசி16எஃப்84 என்னும் சிப்பை எடுத்து, அதன் மேலுறையை நீக்கி, உள்ளே இருந்த சிலிக்கன் துண்டு வெளியே தெரியும்படி செய்து, அவர்கள் அதை உருப்பெருக்கியின் கீழ் வைத்தார்கள்; விளக்கின் ஒளியை அலுமினியத் தாளில் இட்ட துளையினால் மட்டுப்படுத்தி, உருப்பெருக்கியின் வில்லைகளினால் நுண்ணிய புள்ளியாக ஒடுக்கி, சிப்பின் நினைவகத்தில் தாங்கள் தேர்ந்துகொண்ட ஓர் இடத்தின்மேல் விழச் செய்தார்கள். கண் இமைக்கும் நேரம் ஒளி விழுந்தது. அங்கே ‘ஒன்று’ என்றிருந்த பிட் ‘பூஜ்யம்’ ஆயிற்று. புள்ளியைச் சற்றே நகர்த்தி விளக்கை மறுபடி மின்ன விட்டபோது, பூஜ்யமாக இருந்தது ஒன்று ஆயிற்று.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. நினைவகத்தின் ஒவ்வொரு பிட்டையும் ஆறு டிரான்ஸிஸ்டர்கள் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வலிய ஒளி படும்போது சிலிக்கனில் எலெக்ட்ரான்கள் விடுபட, மூடியிருக்க வேண்டிய டிரான்ஸிஸ்டர் ஒரு கணம் திறந்துகொள்ள, அந்த ஒரு கணத்துக்குள் சுற்று முழுவதும் புதிய நிலைக்குச் சாய்ந்துவிடுகிறது. ஆனால் அதன் விளைவு சாமானியமானதன்று. ‘ரகசிய எண் சரிதானா’ என்ற கேள்விக்கு விடையாக நிற்பதும் ஒரு பிட். ‘இத்தனை தடவைக்குமேல் முயலக் கூடாது’ என்று எண்ணிக்கொண்டிருப்பதும் சில பிட்டுகள். ஆர்.எஸ்.ஏ. என்னும் சங்கேத முறையில் கையொப்பமிடும் கருவி கணக்கின் நடுவே ஒரே ஒரு தவறு செய்தாலும் போதும், அத்தவறான விடையிலிருந்தே ரகசியச் சாவியை வருவித்துவிடக்கூடும் என்று போனே, டிமில்லோ, லிப்டன் என்ற மூவர் 1997-இலேயே கணித ரீதியாக நிரூபித்திருந்தார்கள். அந்தத் தவறைச் செய்விக்க ஒரு பழைய விளக்கு போதும் என்பதைக் கேம்பிரிட்ஜ் பரிசோதனை காட்டிவிட்டது.

அன்று சிப்பைக் குலைக்கும் கருவியாக வந்த ஒளியே வேறோர் ஆராய்ச்சிக்கூடத்தில் சிப்பின் காவலனாக வேலைக்கு அமர்ந்தது. இப்பொழுதோ எலெக்ட்ரானின் ஸ்தானத்தில் தானே அமர்ந்து கணக்குப் போடவும் தொடங்கியிருக்கிறது. இந்த மூன்று வேஷங்களையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு, மேலே பார்த்தால் தொடர்பற்றவையாகத் தோன்றும் பல ஆராய்ச்சிகளின் அடியில் ஒரே உண்மை ஓடிக்கொண்டிருப்பது புலப்படும்: உலகில் எந்தப் பொருளையும் பரிபூரணமாகச் செய்ய முடியாது என்பதே அது. அந்த அபூரணத்தின் வழியாகத்தான் திருடன் நுழைகிறான். காவலன் முத்திரை இடுவதும் அதே அபூரணத்தைக் கொண்டுதான்.

ஜடப்பொருளும் பேசும்

சங்கேத சாஸ்திரம் கணிதத்தின் கிளை. அதன் சூத்திரங்கள் காகிதத்தில் இருக்கும்வரை பழுதற்றவை. ஆனால் சூத்திரத்தை நடத்திவைக்க ஒரு யந்திரம் வேண்டும். யந்திரம் என்றால் அது நேரம் எடுத்துக்கொள்ளும், மின்சாரம் உண்ணும், சூடேறும், சுற்றிலும் அலைகளைப் பரப்பும். பால் கோச்சர் என்ற அமெரிக்கர் 1996-இல் கணக்கு முடிய ஆகும் நேரத்தை மாத்திரம் அளந்து ரகசியச் சாவியை ஊகிக்க முடியும் என்று எடுத்துக்காட்டினார்; 1999-இல் ஜாஃபி, ஜுன் என்ற சகாக்களுடன் சேர்ந்து, ஸ்மார்ட் கார்டு உறிஞ்சும் மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வுகளைப் பலமுறை பதிவு செய்து, புள்ளியியல் முறையில் ஒப்பிட்டால், பூட்டைத் தொடாமலேயே சாவி கைக்கு வந்துவிடும் என்று நிரூபித்தார். பூஜ்யத்தைக் கையாளும்போதும் ஒன்றைக் கையாளும்போதும் டிரான்ஸிஸ்டர்கள் உண்ணும் மின்சாரத்தில் இம்மியளவு பேதம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான அளவீடுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் இரைச்சல் அடங்கி அந்த இம்மி பேதம் தலைதூக்கிவிடுகிறது. பக்கவழித் தாக்குதல் என்று இன்று வழங்கும் துறை முழுவதும் இந்த இரண்டு கட்டுரைகளிலிருந்து கிளைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

கட்டியவன் மடியில் ஒரு சாவி

இதுவரை சொன்னவை யோக்கியமாகச் செய்யப்பட்ட சிப்புக்கு வெளியிலிருந்து வரும் ஆபத்துகள். சிப்பே பிறவியில் யோக்கியமானதுதானா என்ற சந்தேகம் இன்னும் ஆழமானது. ஒரு தேசத்தில் வடிவமைத்து, பல கம்பெனிகளிடம் விலைக்கு வாங்கிய பகுதிகளை அதனுடன் இணைத்து, இன்னொரு தேசத்து ஆலையில் வார்ப்பித்து, மூன்றாவது தேசத்தில் உறையிட்டுப் பரிசோதித்து, நான்காவது தேசத்தில் பலகையில் பொருத்தும் ஏற்பாட்டில், இடையில் எத்தனை கைகள் அதைத் தொடுகின்றன என்பதை எண்ணிப் பார்த்தவர் முன்பு சொற்பம். அமெரிக்க ராணுவ இலாகாவின் விஞ்ஞான ஆலோசனைக் குழு 2005 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை, சிப் ஆலைகள் வெளிநாடுகளுக்குப் பெயர்ந்துகொண்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, நம்பத்தகுந்த சிப்புகளுக்கு இனி எங்கே போவது என்ற கேள்வியை வெளிப்படையாக எழுப்பிற்று. வீட்டைக் கட்டிக்கொடுத்த கொத்தனார் சாவி ஒன்றைத் தம் மடியிலேயே முடிந்துகொண்டு போயிருந்தால், வாசற்கதவுக்கு எத்தனை பூட்டுப் போட்டு என்ன பிரயோஜனம்?

சிப்பின் வடிவத்தில் யாருக்கும் தெரியாமல் சேர்க்கப்படும் தீய பகுதிக்கு டிரோஜன் என்று பெயர். அது எவ்வளவு சிறியதாக இருக்க முடியும் என்பதே ஆராய்ச்சியாளர்களை முதலில் திகைக்க வைத்தது. 2008-இல் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள், 17 லட்சத்துக்கும் மேற்பட்ட தர்க்க வாயில்கள் கொண்ட ஒரு செயலியில் வெறும் 1,341 வாயில்களைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். குறிப்பிட்ட எழுத்துக்கள் அடங்கிய ஒரு செய்தி வலையமைப்பின் வழியாக வந்து சேர்ந்ததும் அந்த வாயில்கள் விழித்துக்கொண்டு, மறைமுகமான ஒரு நிரலை ஓட்டி, அந்நியன் ஒருவனைச் சர்வ அதிகாரமும் உடையவனாகக் கணினிக்குள் அனுமதித்துவிட்டன.

2013-இல் பெக்கர், ரெகாஸோனி, பார், பர்லிசன் ஆகிய நால்வரும் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். வாயில் எதையும் கூட்டாமல், கம்பி எதையும் நகர்த்தாமல், சில டிரான்ஸிஸ்டர்களில் ஊட்டப்படும் மாசு அணுக்களின் வகையை மட்டும் மாற்றினால் போதும் என்பது அவர்களுடைய வாதம். இன்டெல் வெளியிட்டிருந்த தற்போக்கு எண் உற்பத்திச் சுற்றின் வடிவத்தை ஆதாரமாகக் கொண்டு அவர்கள் செய்த ஆய்வில், 128 பிட் அளவுக்கு யூகத்துக்கு எட்டாததாக இருக்க வேண்டிய எண்ணை 32 பிட் அளவுக்குக் குறுக்கிவிட முடிந்தது. 128 பிட் என்பது 39 இலக்கம் கொண்ட ஓர் எண்ணிக்கையிலான சாத்தியங்கள். 32 பிட்டோ சுமார் 430 கோடி சாத்தியங்கள்தாம், ஒரு சாதாரணக் கணினியே அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துத் தீர்த்துவிடும். சிப் தனக்குத்தானே நடத்திக்கொள்ளும் பரிசோதனையில் இந்த மாற்றம் தேறிவிடுவதாகவும், படமெடுத்துப் பார்க்கும் வழக்கமான சோதனையிலும் கண்ணுக்குப் படாததாகவும் வடிவமைக்கப்பட்டிருந்தது. எலெக்ட்ரான் உருப்பெருக்கியைத் தக்கபடி கையாண்டால் இதையும் கண்டுகொள்ளலாம் என்று மறு வருஷமே வேறொரு குழுவினர் காட்டினார்கள் என்பது உண்மை. ஆயினும் அதற்கு அந்தச் சிப்பை உரித்துத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வகை யுக்திகளில் மிகவும் சூட்சுமமானது 2016-இல் மிஷிகன் சர்வகலாசாலையிலிருந்து வந்தது. சாதாரணமாக டிரோஜனைத் தேடுகிறவர்கள் பூஜ்யம், ஒன்று என்ற இரண்டே நிலைகளின் உலகத்தில் தேடுகிறார்கள். கையுவான் யாங், மாத்யூ ஹிக்ஸ் முதலியோர் அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில் தங்கள் பொறியை ஒளித்துவைத்தார்கள். அன்றாட நிரல்களில் மிக அபூர்வமாகவே அசையும் ஒரு கம்பியைத் தேர்ந்தெடுத்து, அது ஒவ்வொரு முறை அசையும்போதும் துளி மின்னூட்டம் ஒரு சிறு மின்தேக்கியில் போய்ச் சேரும்படி செய்தார்கள். கம்பி சும்மா இருந்தால் மின்தேக்கியில் சேர்ந்தது தானாகக் கசிந்து வற்றிவிடும்; ஆகையால் மாதக்கணக்கில் பரிசோதித்தாலும் எதுவும் நிகழாது. ஆனால் விஷயம் தெரிந்த ஒருவன், பூஜ்யத்தால் வகுப்பது போன்ற அர்த்தமற்ற ஒரு காரியத்தை ஓயாமல் திரும்பத் திரும்பச் செய்யும் சிறு நிரலை ஓட்டினானானால், கசிவதைவிட வரவு மிகுந்து, மின்னழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டி, சாமானியப் பயனரை அதிகாரியாக உயர்த்தும் அந்த ஒற்றைப் பிட் புரண்டுவிடும். இதை அவர்கள் காகிதத்தோடு நிறுத்திவிடாமல் 65 நானோமீட்டர் முறையில் நிஜச் சிப்பாகவே வார்ப்பித்து இயக்கியும் காட்டினார்கள்.

காப்பும் காப்பை மீறுதலும்

பாதுகாக்கிறவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. 2007-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் சிலர், பக்கவழி என்னும் திருடனின் ஆயுதத்தையே காவலுக்குத் திருப்பிவிட்டார்கள்: ஒரு தொகுதிச் சிப்புகளில் சிலவற்றின் மின்சார நுகர்வைப் பதிவு செய்து, பிறகு அந்தச் சிலவற்றை மட்டும் அடுக்கடுக்காக உரித்துக் களங்கமற்றவை என்று உறுதிசெய்துகொண்டால், அந்தப் பதிவே மற்றச் சிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கைரேகையாகிவிடும். சிப்பின் டிரான்ஸிஸ்டர் அடுக்கை ஓர் ஆலையிலும், மேலே ஓடும் உலோகக் கம்பி அடுக்குகளை வேறோர் ஆலையிலும் செய்வித்து, முழு வடிவம் ஒருவர் கையிலும் சிக்காமல் பார்த்துக்கொள்ளும் முறையையும் அமெரிக்க அரசாங்கம் ஆராயச் செய்தது. சரியான எண் கொடுத்தாலன்றிச் சிப் ஒழுங்காக இயங்காதபடி தர்க்கத்தையே பூட்டிவைக்கும் யோசனை 2008-இல் வந்தது. பிரமோத் சுப்பிரமண்யன், சாயக் ராய், ஷரத் மாலிக் என்ற பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் அத்தகைய பூட்டுகளில் பெரும்பாலானவற்றைத் தானியங்கித் தர்க்க நிரல் கொண்டு திறந்துகாட்டினார்கள். அதன் பின்பு புதிய பூட்டு, அதற்குப் புதிய திறப்பு என்று அந்தப் போட்டி இன்றுவரை ஓயவில்லை.

சிலிக்கனை ஊடுருவும் கதிர்

ஃப்ளாஷ் விளக்கின் காலம் மலையேறிவிட்டது. இன்றைய சிப்பின் முன்புறத்தை உலோகக் கம்பிகள் பல அடுக்குகளாக மூடிக்கிடக்கின்றன. அவ்வழியாக ஒளி நுழைய இடமில்லை. ஆனால் இயற்கை இன்னொரு வாயிலைத் திறந்துவைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிடும் சிலிக்கன், 1.1 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிருக்கு ஏறக்குறைய தெளிந்த கண்ணாடி. அத்தகைய லேசர் கதிரைச் சிப்பின் முதுகுப்புறமாகச் செலுத்தினால், திரும்பி வரும் கதிரின் பலம் உள்ளே டிரான்ஸிஸ்டர் இருக்கும் மின்நிலைக்கேற்பச் சிறிது கூடுகிறது அல்லது குறைகிறது. சிப்புகளில் பழுது கண்டுபிடிக்க ஆலைகளே உபயோகிக்கும் உபகரணம் இது. 2017-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஷாஹின் தாஜிக் முதலியோர் இதே உபகரணத்தைக் கொண்டு, 28 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்ட எஃப்.பி.ஜி.ஏ. (வாங்கிய பிறகும் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளத்தக்க) சிப் ஒன்று தன் சங்கேத உள்ளடக்கத்தைத் தனக்குள்ளே பிரித்துப் படிக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, பிரிந்த வாசகத்தை வெளியிலிருந்தே படித்துவிட்டார்கள். அதற்கு ஆன காலம் பத்து வேலை நாட்களுக்கும் குறைவு. சிப்பைத் துளைக்கவில்லை, ஒரு கம்பியையும் தொடவில்லை.

குறையே முத்திரை

இனிக் காவலனைப் பார்ப்போம். கேம்பிரிட்ஜ் கட்டுரை வெளிவந்த அதே 2002-ஆம் ஆண்டு செப்டம்பரில், ‘சயின்ஸ்’ பத்திரிகையில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ரவிகாந்த் பப்பு தம் மூன்று சகாக்களுடன் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் செய்த பொருள் பார்வைக்கு அற்பமானது: ஒரு சென்டிமீட்டர் சதுரமும் இரண்டரை மில்லிமீட்டர் கனமும் உள்ள எபாக்ஸி பிசின் வில்லை, அதனுள் தாறுமாறாகப் பதிந்து கிடக்கும் கண்ணாடி மணிகள். அதன்மீது லேசர் கதிரைச் செலுத்தினால், கதிர் மணிக்கு மணி மோதிச் சிதறி, மறுபுறத் திரையில் வெளிச்சமும் இருளும் கலந்த புள்ளிக்கோலம் ஒன்றை எழுதுகிறது. அக்கோலத்தை 2,400 பிட் கொண்ட எண்ணாக மாற்றிக்கொள்கிறார்கள். கதிர் விழும் கோணத்தைச் சற்று மாற்றினால் முற்றிலும் வேறொரு கோலம், வேறோர் எண். வில்லையைக் கையில் வைத்திருப்பவனுக்குக் கேள்விக்கு விடை கிடைப்பது கணநேரக் காரியம். ஆனால் அந்த மணிகள் அத்தனையையும் அதே ஸ்தானங்களில் மறுபடி பதித்து இரட்டை வில்லை ஒன்றைச் செய்ய, அதை முதலில் செய்தவனாலும் முடியாது. நுண்ணிய துளை ஒன்று இட்டாலும் கோலம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

இந்தச் சிந்தனை சிலிக்கனுக்குள் புகுந்ததும் அதே வருஷம்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்று எம்.ஐ.டி.யில் பேராசிரியரான ஸ்ரீநிவாஸ் தேவதாஸும் அவருடைய குழுவினரும், ஒரே வடிவத்தில் வார்க்கப்பட்ட இரண்டு சிப்புகளில்கூடக் கம்பிகளின் தாமதம் துல்லியமாக ஒன்றுபோல் இருப்பதில்லை என்ற உண்மையைப் பிடித்துக்கொண்டார்கள். சரிசமமான இரண்டு பாதைகளில் இரண்டு மின்துடிப்புகளை ஓடவிட்டு, எது முந்துகிறது என்று பார்த்தால், அந்த வெற்றி தோல்வியே அந்தச் சிப்புக்கு மட்டும் உரிய ஒரு பிட். சாவியை நினைவகத்தில் எழுதி வைத்தால்தானே திருடன் படிப்பான்? எங்கும் எழுதாமல், வேண்டியபோது தன் உடலின் குறைபாட்டிலிருந்தே சாவியைப் பிறப்பித்துக்கொள்ளும் சிப்பிடம் அவன் என்ன செய்வான் என்பதே எண்ணம். எண்ணம் அழகானது, அனுபவம் சற்றுக் கடுமையாகவே இருந்தது. 2010-இல் உல்ரிச் ரூர்மெயர் முதலியோர், 64 படிகள் கொண்ட அத்தகைய ஓட்டப் பந்தயச் சுற்று ஒன்றின் வினா விடைகளில் சில ஆயிரத்தை மட்டும் ஒரு கற்கும் நிரலுக்குக் கொடுத்துப் பார்க்க, அடுத்த விடைகளை அது 99 சதவீதம் சரியாகச் சொல்லிவிட்டது. இரண்டு தாமதங்களைக் கூட்டிக் கழிக்கும் சுற்றின் விதி எளிய விதி. எளிய விதியை யந்திரம் எளிதில் கற்றுக்கொள்கிறது.

ஒளி சிதறும் விதியோ அவ்வளவு எளிதில் அகப்படுவதன்று. 2014-இல் நெதர்லாந்தின் ட்வென்டே, ஐந்தோவன் சர்வகலாசாலைகளின் விஞ்ஞானிகள் இதற்குக் குவாண்டம் இயற்பியலின் துணையையும் சேர்த்துக்கொண்டார்கள். கேள்வியாக அனுப்பும் ஒளித்துடிப்பின் வடிவத்தை வருணிக்க எத்தனை எண்கள் தேவையோ அதைவிடக் குறைந்த ஃபோட்டான்களே அத்துடிப்பில் இருக்கும்படி செய்துவிட்டால், இடையில் நின்று அதை அளக்க முயல்கிறவனுக்குக் கேள்வியே முழுமையாகப் புரியாது. உண்மையான வில்லை மாத்திரம் அந்தச் சொற்ப ஃபோட்டான்களைச் சரியான இடத்தில் குவித்துக் கொடுக்கும். வில்லையின் இலட்சணங்கள் முழுவதும் திருடனுக்குத் தெரிந்திருந்தாலும் அவனால் அதைப்போல் நடிக்க முடியாது என்பதே இம்முறையின் விசேஷம்.

ஒளி கணக்குப் போடுகிறது

ஒளியைக் கொண்டு கணக்கிடும் ஆசை புதிதன்று. 1960-களிலேயே லென்ஸ் வில்லைகளைக் கொண்டு படங்களில் உருவங்களைத் தேடினார்கள். 1978-இல் ஸ்டான்ஃபோர்டின் ஜோசஃப் குட்மன் குழுவினர், எண் வரிசைகளைப் பெருக்கிக் கூட்டும் அணிப் பெருக்கத்தை ஒளியால் நிகழ்த்தும் ஏற்பாட்டை விவரித்தார்கள். அவை மேஜையளவு உபகரணங்களாக இருந்தமையால், நாளுக்கு நாள் சுருங்கிவந்த எலெக்ட்ரானிக் சிப்பின் எதிரில் நிற்க முடியவில்லை. செயற்கை நுண்ணறிவு இன்று கேட்பதோ பெரும்பாலும் பெருக்கலும் கூட்டலுமே; அவற்றைக் கோடிக்கணக்கில் செய்வதில் மின்சாரமும் உஷ்ணமும் கட்டுக்கு அடங்காமல் போய்க்கொண்டிருப்பதால், பழைய ஆசை சிலிக்கன் உடலில் புது ஜன்மம் எடுத்திருக்கிறது.

2017-இல் எம்.ஐ.டி.யின் யிச்சென் ஷென், நிக்கலஸ் ஹாரிஸ் முதலியோர் செய்த சிப்பைச் சற்று அருகில் பார்க்கலாம். அரை மைக்ரோமீட்டர் அகலமே உள்ள சிலிக்கன் அலைவழிகளில் ஒளி ஓடுகிறது. மாக்–ஸெண்டர் என்னும் அமைப்பு ஒவ்வொன்றிலும் ஒளி இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளையில் சிறு மின்கம்பி ஏற்றும் சூட்டினால் சற்றே பின்தங்கி, மறுபடி கூடும்போது எந்த வாயிலில் எவ்வளவு வெளிவர வேண்டும் என்பது தீர்மானமாகிறது. அப்படிப்பட்ட 56 அமைப்புகள் கோத்த வலைக்குள் ஒளி ஒரு முறை நடந்து வெளியேறினால் அணிப் பெருக்கம் நடந்து முடிந்துவிடுகிறது. மனிதக் குரலின் உயிரொலிகளை இனங்காணும் பரீட்சையில் அந்தச் சிப் 76.7 சதவீதம் தேறியது. அதே பரீட்சையில் சாதாரணக் கணினி 91.7 சதவீதம். இடைப்பட்ட 15 சதவீதமும் சூடு பக்கத்து அலைவழிக்குப் பரவுவது, சூட்டினால் விளையும் பின்தங்கலைத் துல்லியமாக அமைக்க முடியாதது, ஒளியை அளப்பதில் சேரும் இரைச்சல் போன்ற சில்லறைக் குறைகளின் கூட்டுத் தொகை. ஷென், ஹாரிஸ் இருவரும் பின்பு தனித்தனிக் கம்பெனிகளை ஆரம்பித்தார்கள்; 2025 ஏப்ரலில் அவ்விரு கம்பெனிகளின் சிப்புகளும் ‘நேச்சர்’ பத்திரிகையில் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று 16,000-க்கும் மேற்பட்ட ஒளிப் பாகங்களைக் கொண்டது. எட்டு வருஷத்தில் 56 எங்கே, 16,000 எங்கே!

தொட்டிலிலேயே ஒரு பரீட்சை

இந்தப் புதிய சிப் பழைய பயங்களைப் போக்குமா? ஓரளவு போக்கும். ஒளி அலைவழிகளில் கூடிப் பிரிவதற்கு டிரான்ஸிஸ்டரைப் போல் ஒவ்வொரு பிட்டுக்கும் மின்சாரம் உண்பதில்லை. ஆகையால் கோச்சர் கண்ட மின்சாரக் கசிவு வலையின் நடுப்பகுதியில் குறைந்துவிடும். ஆனால் எண்களை ஒளியாக மாற்றும் முகப்பிலும், ஒளியை எண்களாக்கும் முடிவிலும் எலெக்ட்ரான்களே உட்கார்ந்திருக்கின்றன. அங்கே பழைய கசிவு அப்படியே இருக்கும். நடுவில் புதிய கசிவு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. பல கோடி செலவிட்டுப் பயிற்றுவித்த நுண்ணறிவு மாதிரியின் எடைகள், அதாவது அது பெருக்கும் எண்கள், இந்தச் சிப்பில் சூடேற்றும் சிறு கம்பிகளின் வெப்பநிலையாகவே நின்றுகொண்டிருக்கின்றன. எந்தக் கம்பி எவ்வளவு சூடு என்று அளக்க முடிந்தவனுக்கு அந்த மாதிரியின் சாரமே தெரிந்துபோக இடமிருக்கிறது.

டிரோஜனின் கதையும் இங்கே வேறு ரூபம் எடுக்கிறது. இரண்டு அலைவழிகளை மைக்ரோமீட்டரில் ஒரு பின்னமளவுக்கு நெருக்கமாக வைத்தால், ஒன்றில் ஓடும் ஒளியில் ஒரு பங்கு தானாகவே மற்றதற்குத் தாவிவிடும். வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்க, வடிவமைப்பாளர்களே ஆங்காங்கே இப்படி நூற்றில் ஒரு பங்கு ஒளியைப் பிரித்தெடுப்பது வழக்கம். ஆலையில் ஒருவர் அவற்றோடு இன்னொன்றைச் சேர்த்துவிட்டால், எது எஜமானன் வைத்தது, எது ஒற்றன் வைத்தது என்று சொல்வது எப்படி? ஒற்றனுக்கு இன்னொரு வழி சூடு: சிலிக்கனின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறக்குறைய பத்தாயிரத்தில் இரண்டு பங்கு மாறுகிறது. மாற்றம் சொற்பமே ஆனாலும், அலைநீளத்துக்குத் துல்லியமாகச் சுருதி சேர்க்கப்பட்ட வளைய அலைவழிகளைக் கலைத்துவிட அது போதும். ஆகவே, தர்க்கத்தில் கைவைக்காமல், அநாவசியமான சூடேற்றி ஒன்றைப் பக்கத்தில் ஒளித்துவைப்பதன் மூலமே விடைகளைக் கோணச் செய்யலாம். ஒளிக் கணக்கு இயல்பாகவே சற்றுப் பிசகுவது என்று எல்லோரும் பழகிப்போயிருக்கும் இடத்தில், வேண்டுமென்றே செய்த பிசகை யார் சந்தேகிப்பார்கள்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதிநவீன எலெக்ட்ரானிக் சிப்பின் பாகங்கள் சில நானோமீட்டர் அளவினவாக, சாதாரண உருப்பெருக்கியின் எல்லைக்கு அப்பால் இருக்கின்றன. ஒளிச் சிப்பின் அலைவழிகளோ உருப்பெருக்கியில் தடம் தெரியும் அளவுக்குப் பெரியவை. எனவே ஆலையிலிருந்து வந்ததை வடிவத்தோடு ஒப்பிட்டு ஆராய்வது இங்கே அதிகச் சாத்தியம். இரண்டாவதாக, 2017-இல் 15 சதவீதத்தைத் தின்றுவிட்ட அந்தக் குறைகளே ஒவ்வொரு ஒளிச் சிப்பையும் தனித்து அடையாளம் காட்டும் முத்திரையாகக் கூடியவை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையினர், ஒளி குழம்பிச் சுழலும்படி அமைத்த சிலிக்கன் குழி ஒன்றை அத்தகைய நகலற்ற முத்திரையாக உபயோகிக்கலாம் என்று 2017-இலேயே காட்டியிருக்கிறார்கள். கணக்குச் சரியாக வருவதற்காக ஒவ்வொரு சிப்பின் குறைகளையும் அளந்து திருத்தும் அட்டவணை ஒன்றை எப்படியும் தயாரித்தே ஆக வேண்டும். அந்த அட்டவணையே சிப்பின் கைரேகை. அதில் எதிர்பாராத மாறுதல் தென்பட்டால், யாரோ உள்ளே கைவைத்திருக்கக்கூடும் என்ற முதல் எச்சரிக்கையும் அதுவே.

நம் ஆலையும் நம் பொறுப்பும்

இந்த விவாதம் சென்னைக்கு அந்நியமானதன்று. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ செயலிக் குடும்பத்தை அடிப்படையாகக் கொண்டு, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய ‘ஐரிஸ்’ சிப், சண்டிகரையொட்டிய மொஹாலியிலுள்ள அரசாங்க ஆலையில் 180 நானோமீட்டர் முறையில் வார்க்கப்பட்டு, கர்நாடகத்தில் உறையிடப்பட்டு, 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 180 நானோமீட்டர் என்பது சந்தையில் பழைய முறை. எனினும் வடிவம் முதல் உறை வரையில் யார் யார் கைபட்டது என்று சொல்ல முடிகிற சிப்புக்கு விண்கலத்தில் தனி மதிப்பு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் வளாகத்திலேயே நிரல்படுத்தத்தக்க ஒளிச் சுற்றுகளுக்கென்று ஒரு சிறப்பு மையமும் இயங்குகிறது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் சிப் பாதுகாப்பையும், அந்தப் பக்கம் ஒளிச் சிப்பையும் ஆராய்கிறவர்கள் அடுத்தடுத்து வாழ்வது எல்லாத் தேசங்களுக்கும் கிட்டும் வாய்ப்பன்று.

தொகுப்புச் சுற்று பிறந்தது 1958-இல். அது கசியும் என்று கோச்சர் நிரூபித்தது 1996-இல். அதற்குள் கோடானுகோடிச் சிப்புகள் உலகமெங்கும் பரவி, பாதுகாப்பை ஒட்டுப்போட்டுத்தான் சேர்க்க வேண்டிய நிலை வந்துவிட்டது. கணக்கிடும் ஒளிச் சிப்பு இன்னும் சந்தையில் வேரூன்றவில்லை. குறைகளை அளந்து எழுதும் அட்டவணையை யார் வைத்திருப்பது, பிரித்தெடுக்கும் அலைவழிகளுக்கு யார் கணக்குக் காட்டுவது, ஆலையின் வேலையை எந்த முறையில் ஒப்பிட்டுப் பார்ப்பது என்பவற்றை விதியாக எழுதிவைக்க இப்பொழுது அவகாசம் இருக்கிறது. வடிவங்கள் உறைந்து, ஆலைகள் பெருகி, கம்பெனிகள் தங்கள் முறைகளை வியாபார ரகசியம் என்று மூடிக்கொண்ட பிறகு அந்த அவகாசம் இராது. வேகத்தையும் மின்சாரச் சிக்கனத்தையும் அளந்து வெளியிடும் ஒவ்வொரு ஒளிச் சிப்பு ஆராய்ச்சியும், தன் சிப் எங்கே கசிகிறது என்பதையும் அளந்து அதே பக்கத்தில் வெளியிட வேண்டும் என்பதை வழக்கமாக்கினாலே முதல் விதி எழுதியாகிவிட்டது.